கட்டியினுட் புகும் காவற் கலங்கள்

எமது குருதியில் உலாவும் வெண்கலங்கள் நோய்க் கிருமிகளை மட்டுமன்றிப் புற்றுநோய்க் கலங்களையும் இனங்கண்டு அழிக்க வல்லன. அங்ஙனமாயின், கட்டியினுட் புகுந்த பின்னர் அவற்றுட் பல சோர்ந்துவிடுவதேன்? காரணங்களுள் ஒன்று ஒட்சிசன் குறைவாகும்.

நாம் உள்ளிழுக்கும் வளியில் ஒட்சிசன் ஏறக்குறைய 21 சதவீதமாகும். மயிர்க்குழாய்களிலிருந்து அது இழையத்துட் பரவக்கூடிய தூரமோ ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒன்றிரண்டு பங்கேயாம். கட்டி விரைந்து வளர்வது. அதன் குருதிக்கலன்கள் ஒழுங்கின்றிக் கோணிக் கிடப்பன. ஆதலின் அதன் உட்பகுதிகள் பலவற்றில் ஒட்சிசன் மிக அருகிவிடுகின்றது. 1955 இல் இங்கிலாந்தில் தொம்லின்சன், கிரே என்போர் நுரையீரற் கட்டிகளை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, குருதிக்கலன்களுக்குச் சேய்மையிலுள்ள கலங்கள் மடிந்து கிடத்தலைக் காட்டினர்.

ஒட்சிசன் குறைவைக் கலம் எங்ஙனம் உணர்கின்றது? 'எச்.ஐ.எவ்.-1' என்னும் புரதம் இதற்கு உதவுகின்றது. ஒட்சிசன் போதியளவு உள்ளபோது இதன் ஒரு கூறு உடனுக்குடன் அழிக்கப்படுகின்றது. ஒட்சிசன் குறையின் அக்கூறு அழியாது நிலைத்து, கலத்தின் கருவிற் புகுந்து, பல பரம்பரையலகுகளைத் தொழிற்படுத்துகின்றது. கலங்கள் ஒட்சிசனை உணருமாற்றை விளக்கிய செமென்சா, இரற்கிளிவ், கேலின் ஆகிய மூவரும் 2019 இல் நோபெற் பரிசு பெற்றனர்.

இதன் பயனாய்க் காவற் கலம் ஒட்சிசனின்றியே குளுக்கோசை உடைத்துச் சத்தி பெறுகின்றது. புண்பட்ட இடத்திற் கிருமிகளோடு பொரும்போது இவ்வியல்பு பெருந்துணையாம். ஆயின் கட்டியினுள்ளே குளுக்கோசைப் புற்றுக் கலங்களும் பெருமளவில் உண்கின்றன; இலற்றிக்கமிலம் தேங்குகின்றது. ஓய்வின்றிப் பொரும் 'ரீ' கலங்களின் இழைமணிகள் நலிய, அவை கொல்லும் ஆற்றல் குன்றுகின்றன. பெருந்தின்கலங்களோ, புண்ணை ஆற்றுவன போன்று, புதிய குருதிக்கலன்களை வளர்க்கும் பொருள்களைச் சுரந்து கட்டிக்கே துணைபோகின்றன. உயிர்தப்ப உதவும் இசைவாக்கமே கடமைக்கு ஊறாகின்றது.

காவற் கலங்களைத் தடுக்கும் கட்டுகளை அவிழ்க்கும் சிகிச்சைக்கு வழிவகுத்த அலிசன், ஒஞ்சோ இருவருக்கும் 2018 இல் நோபெற் பரிசு வழங்கப்பட்டது. அச்சிகிச்சை சிலரை மரணத்தின் வாயிலிலிருந்து மீட்டுள்ளது, பலருக்கோ பயன்படவில்லை. ஆதலாற் கட்டியின் குருதிக்கலன்களைச் சீர்செய்யவும், அது ஒட்சிசனைச் செலவிடுதலைக் குறைக்கவும் அறிஞர் முயல்கின்றனர். காவலரைக் கட்டவிழ்த்து விடுதல் மட்டும் போதாது. அவர் மூச்சுவிட இடஞ்செய்தலும் வேண்டும் என்பதே நாம் இதனால் அறியத்தக்கது.