பி.வோக். கம்ப்யூட்டர் படிப்பு: இது முழு டிகிரியா, இல்லையா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும், வீட்டில் ஐடி வேலையில் இருப்பவர் பக்கம்தான் எல்லோரும் திரும்புவார்கள். "நீதான் கம்ப்யூட்டர்ல இருக்கியே, தம்பிக்கு எது நல்லதுன்னு நீயே சொல்லு." பி.இ., பிசிஏ, பி.எஸ்சி. வரைக்கும் பதில் தயாராக இருக்கும். கல்லூரி விண்ணப்பத்தில் 'பி.வோக். சாஃப்ட்வேர் டெவலப்மென்ட்' என்று ஒன்று இருந்தால்தான் குழப்பம். ஐடிஐ மாதிரியா? டிப்ளமோவா?

டிகிரிதான். பேச்சிலர் ஆஃப் வொகேஷன் என்பதன் சுருக்கம் பி.வோக். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2014-ல் கொண்டுவந்த மூன்று ஆண்டு இளநிலைப் பட்டம் இது. பிளஸ் டூ தேர்ச்சிதான் அடிப்படைத் தகுதி. அதற்கு மேல் சில கல்லூரிகள் தனி நிபந்தனை வைப்பதுண்டு.

பிசிஏவிலிருந்து எங்கே மாறுகிறது?

ஆண்டுக்கு 60 கிரெடிட் என்றால் அதில் 36 தொழில்திறனுக்கு, 24 பொதுக் கல்விக்கு. அதாவது 60:40. திறன் பகுதி ஒரு குறிப்பிட்ட வேலையைக் குறிவைத்து அமைக்கப்படுகிறது. 'ஜூனியர் சாஃப்ட்வேர் டெவலப்பர்', 'வெப் டெவலப்பர்' போன்ற வேலைகளுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வகுப்பது துறைசார் திறன் கவுன்சில். ஐடி துறைக்கு அது நாஸ்காம் சார்ந்த கவுன்சில். எனவே லேப், புராஜெக்ட், இன்டர்ன்ஷிப் எல்லாம் பாடத்திட்டத்துக்கு உள்ளேயே வந்துவிடுகின்றன.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செய்முறைக்கு நேரம் கூடினால் வேறு எதற்கோ குறையத்தான் செய்யும். பெரும்பாலும் அடிபடுவது கணிதமும் தியரியும். இன்று கற்றுத்தரும் ஃப்ரேம்வொர்க் ஐந்து வருடத்தில் பழசாகலாம். டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், நெட்வொர்க்கிங் அவ்வளவு சீக்கிரம் பழசாகாது. சிலபஸில் இந்த மூன்றும் இல்லாமல் வெறும் டூல்களின் பெயர்களே அடுக்கியிருந்தால், அந்தக் கல்லூரியை விட்டுவிடலாம் என்பதே என் கருத்து.

பாதியில் நிறுத்தினால்?

முதல் ஆண்டோடு வெளியேறினால் டிப்ளமோ, இரண்டாம் ஆண்டோடு என்றால் அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூன்றையும் முடித்தால் பட்டம். வீட்டுச் சூழ்நிலையால் படிப்பு நிற்கும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். பி.எஸ்சி.யில் இரண்டாம் ஆண்டோடு நின்றவர்கள் கையில் மார்க் ஷீட் மட்டும்தானே இருந்தது?

ஆனால் "ஒரு வருஷம் படிச்சிட்டு வேலைக்குப் போயிடு, அப்புறம் பாத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். பட்டம் கேட்கும் எந்த வேலைக்கும் அந்த டிப்ளமோவை வைத்து விண்ணப்பிக்க முடியாது. 2021-ல் வந்த கிரெடிட் வங்கி முறைப்படி, சேர்த்த கிரெடிட் அதிகபட்சம் ஏழு ஆண்டுகள் செல்லும். அதற்குள் திரும்பி வர வேண்டும். இடையில் சிலபஸ் மாறியிருந்தால் அதுவும் ஒரு தலைவலி.

சிக்கல் பெயரில்தான்

'ஏதேனும் ஒரு பட்டம்' போதும் என்று கேட்கும் தேர்வுகளுக்கு பி.வோக். மற்ற இளநிலைப் பட்டங்களுக்குச் சமம் என்று யுஜிசி விளக்கம் தந்திருக்கிறது. யுபிஎஸ்சி சிவில் சர்வீஸ், எஸ்எஸ்சியின் பட்டதாரி நிலைத் தேர்வுகள் இந்த வகை.

அறிவிப்பில் 'கணினி அறிவியலில் பட்டம்', 'பிசிஏ அல்லது பி.எஸ்சி.' என்று பெயர் சொல்லிக் கேட்கும்போதுதான் பிரச்சினை. நீங்கள் படித்தது அதே ஜாவா, அதே டேட்டாபேஸாக இருந்தாலும் சான்றிதழில் பெயர் வேறு. தமிழ்நாட்டில் ஒரு பட்டம் இன்னொன்றுக்கு இணையானதா என்பதை அரசு வேலைவாய்ப்புக்காக உயர்கல்வித் துறை அரசாணை மூலம் அறிவிக்கிறது. அதனால் சேரும் முன்பே கல்லூரியிடம் கேளுங்கள்: "இந்தப் படிப்பு கணினிப் பட்டத்துக்கு இணைன்னு அரசாணை இருக்கா? நகல் குடுங்க." 'அதெல்லாம் பிரச்சினை இல்ல சார்' என்ற பதிலை நகலாக எடுத்துக்கொள்ள முடியாது.

எம்சிஏ போகும் எண்ணம் இருந்தால் இன்னொரு வேலை இருக்கிறது. இரண்டு ஆண்டு எம்சிஏவுக்குத் தகுதி வரையறை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்று கேட்பதுண்டு. காமர்ஸ் குரூப் மாணவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கையேட்டை இறக்கி, தகுதிப் பக்கத்தை இப்போதே படித்துவிடுவது நல்லது.

தனியார் நிறுவனங்களில் கோடிங் டெஸ்ட்டும் புராஜெக்ட்டும்தான் அதிகம் பேசும். இருந்தாலும் கேம்பஸ் தேர்வுக்கு எந்தெந்தப் பட்டம் என்று முதலிலேயே வடிகட்டும் நிறுவனங்களும் உண்டு. எனவே கல்லூரிக்குப் போகும்போது லேப் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். கடைசி பேட்ச் மாணவர் ஒருவரின் நம்பரை வாங்கி, இன்டர்ன்ஷிப் எங்கே செய்தார், அங்கே கோடு எழுத விட்டார்களா, வெறும் சர்டிபிகேட் மட்டும் தந்தார்களா என்று கேளுங்கள். பத்து நிமிட போன் காலில் தெரிந்துவிடும்.