ஒலியட்டையும் நெசவட்டையும்

சின்ன காஞ்சிபுரத்தில் ஜக்கார்டுப் பெட்டி பூட்டிய பட்டுத்தறியைக் கண்டோர், அதன்மேல் சங்கிலி போல் தொங்கும் துளையட்டைகளை மறந்திரார். துளையுள்ள இடத்தில் ஊசி உட்செல்லும்; அதனோடு இணைந்த கொக்கி எழுந்து பாவிழையைத் தூக்கும். துளையில்லாவிடத்து ஊசி பின்தள்ளப்படும். இழை கிடந்தபடி கிடக்கும். அட்டை வெட்டுவோர் இவ்வழக்கைத் தலைகீழாகக் கொள்வாராயின், பூ இருக்குமிடம் வெற்றிடமாகும், வெற்றிடம் பூவாகும். குற்றம் தறியினதன்று, நெசவாளரதுமன்று, இடைநின்ற குறிப்பினதே.

கணினியின் ஒலியட்டைக்கு இயக்கி எழுதுவோர்க்கும் இஃது ஒக்கும். இயக்கியாவது, யந்திரத்துக்கும் ஏனை மென்பொருள்களுக்கும் இடையே நிற்கும் துபாஷி. லினக்ஸில் இப்பணிக்கென யாரோஸ்லாவ் கிசேலா 1998-இல் தொடங்கிய ஆல்ஸா என்னும் அமைப்பு, 2002-இல் கெர்னலுள் சேர்க்கப்பட்டது. ஒலியைக் கூட்டல், குறைத்தல், அடைத்தல் முதலிய ஒவ்வொன்றையும் தனித்தனிக் கட்டுப்பாடாக இயக்கி அறிவித்தல் வேண்டுமென்பது அதன் முறை.

ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் பெயர் ஒன்றும் செயல் மூன்றும் உள. பெயரானது, எதன் ஒலி, எத்திசை, என்ன வேலை என்னும் வரிசையில் 'மாஸ்டர் பிளேபேக் வால்யூம்' என்றாற்போல் அமையும். மென்பொருள்கள் பெயரைக் கொண்டே பொருளறிதலின், மனம்போனவாறு பெயரிடலாகாது. செயல்களுள், 'இன்ஃபோ' கட்டுப்பாட்டின் வகையையும் எல்லைகளையும் கூறும். 'கெட்' இப்போதுள்ள அளவை உரைக்கும். 'புட்' புதிய அளவை ஏற்கும். புட் எல்லை மீறிய எண்ணை மறுத்தல் வேண்டும். அளவு மாறின் 1 எனவும், மாறாவிடின் 0 எனவும் விடை தருதலும் வேண்டும். 1 எனக் கேட்ட பின்னரே கெர்னல் மாற்றத்தைப் பிறர்க்கு அறிவிக்கும்; பொய்யாக 0 எனின், திரையிலுள்ள அளவுகோல் பழைய இடத்திலேயே நின்றுவிடும்.

இனி, தலைகீழாகும் இடத்தைக் காண்பாம். இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.சி.97 முறையில், முதன்மை ஒலியளவின் பதிவகம் குறிப்பது ஒலியையன்று, ஒலிக்குறைவை. அதில் 0 எனின் குறைவில்லை. 31 எனின், படிக்கு 1.5 டெசிபலாக 46.5 டெசிபல் குறைவு. 'ம்யூட்' பிட் 1 ஆயின் மௌனம். ஆல்ஸாவின் 'ஸ்விட்ச்' வழக்கிலோ, 1 ஆயின் ஒலி உண்டு. ஆதலின் அளவை 31-இலிருந்து கழித்தும், ஸ்விட்சை மாற்றியும் எழுதுதல் இயக்கியின் கடன். மறப்பின், கூட்டுவோர்க்கு ஒலி குறையும்; திறப்போர்க்கு அடைபடும்.

பார்வையுடையார்க்கு இது சிறு தொல்லையே. திரையைப் படித்துரைக்கும் குரலைத் துணைக்கொண்டு பயிலும் பார்வையற்ற மாணாக்கர்க்கோ, குரல் அடைபட்டால் அதனை மீளத் திறக்கும் வழியும் அடைபடும். இயக்கி எழுதியவர் அவரை ஒருநாளும் கண்டிரார். ஆயினும், அவர் கல்வி இவரெழுதிய ஓர் எண்ணைப் பற்றி நிற்கின்றது.

ஆதலின், இக்கலை பயிலும் நம் மாணாக்கர், திரையில் எண் சரியாயிற்றென்று அமைந்துவிடாது, ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் கீழெல்லை முதல் மேலெல்லை வரை நகர்த்திச் செவியாற் கேட்டுத் தெளிவாராக. அட்டையில் துளை சரியாவென்பது சேலையின் பூவைக் கண்டன்றோ துணியப்படும்!