உங்கள் வீட்டில் எத்தனை உப்பு?

நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டி வழியாக ஓடும் பழையாறு, சுசீந்திரத்தைக் கடந்து மணக்குடியில் கடலோடு கலக்கிறது. அந்தப் பக்கத்தில்தான் தாமரைக்குளம், சாமிதோப்பு உப்பளங்கள். வயலும் அளமும் அருகருகே அமைந்த சீமை அது!

பாத்தியில் கடல்நீர் வற்றும்போது எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை, தெரியுமோ? முதலில் ஜிப்ஸம், பிறகு நம் கறியுப்பு. எஞ்சிய கசப்பு நீரில் மக்னீஷிய உப்புகள் தங்கும். அவை சிறிது ஒட்டிக்கொண்டு வருவதால்தான் ஆனி, ஆடிச் சாரலில் உப்பு மரவை கசிகிறது.

அமிலமும் காரமும் கூடிப் பிறப்பதை ரசாயனத்தில் உப்பு என்பார்கள். அந்தக் கணக்கில் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஆப்பச் சோடா ஓர் உப்பு; மாவின் புளிப்போடு சேர்ந்து கரியமில வாயுவைக் கிளப்புவதால் ஆப்பம் பூப்போல் மலர்கிறது. கலங்கல் நீரைத் தெளிய வைக்கும் படிகாரம், ஈயம் பூசுகிறவர் தூவும் நவச்சாரம், சலவைச் சோடா எல்லாம் உப்புகளே.

சோப்பு எப்படி வருகிறது? உப்பு நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் காஸ்டிக் சோடாவும் குளோரின் வாயுவும் கிடைக்கின்றன. தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்தில் இந்த வேலை நடக்கிறது. முன்னது தேங்காயெண்ணெயோடு சேர்ந்து சோப்பாகிறது. பின்னது நீற்றிய சுண்ணாம்போடு சேர்ந்து பிளீச்சிங் பவுடராகிறது.

இங்கேதான் கவனம் வேண்டும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில், "இன்னும் பளிச்சென்று ஆகட்டும்" என்று ஆஸிடையும் ஊற்றிவிடாதீர்கள்! குளோரின் வாயு கிளம்பி மூச்சைத் திணற அடிக்கும். 1915-ல், முதல் உலக யுத்தத்தில், சிப்பாய்களைக் கொன்றது இதே வாயுதான். தவறி நேர்ந்துவிட்டால், துடைத்துக்கொண்டு நிற்காமல் குழந்தைகளுடன் வெளியே காற்றோட்டமான இடத்துக்கு வந்துவிடுங்கள்.

இனி, சாப்பாட்டு உப்பு. கடலில் பிறந்ததுதானே என்று எண்ண வேண்டாம். அளத்து உப்பில் அயோடின் மிகச் சொற்பம். கர்ப்பிணிக்கு அது குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம். அதனால்தான் 1962-ல் நம் நாட்டில் கழுத்துக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கி, உப்பில் அயோடின் கலந்தார்கள். வீட்டுக்கு வரும் உப்பில் பத்து லட்சத்தில் 15 பங்காவது அது இருக்க வேண்டும். ஆகவே உப்பை இறுக மூடி வையுங்கள். குழம்பை இறக்கும் சமயத்தில் போடுங்கள்.

அதற்காக அள்ளிப் போடாதீர்கள்! பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், சுமார் ஒரு சின்னத் தேக்கரண்டி, போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயும் அப்பளமும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.