மனை வாங்குமுன் சதுப்பைப் பாருங்கள்

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நம் நிவாரணப் பொட்டலங்கள் வேளச்சேரிப் பக்கம் அதே தெருக்களுக்கே சென்றன. காரணம் உண்டு. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் தேங்கி, ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய் வழியே கோவளத்தில் கடல் சேர வேண்டும். சதுப்பின் பெரும்பகுதி கட்டடங்களாகவும் பெருங்குடிக் குப்பைமேடாகவும் ஆகிவிட்டது. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது மிச்சம்தான். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். மழை பெய்தால் கொட்டித் தீர்க்கிறது, தேங்க இடமில்லை. (முற்றம் முழுக்கச் சிமெண்ட் பூசிய நாமும் இதில் பங்காளிகள்தாம்.)

அங்கே மலிவு மனை பற்றி ஜமாஅத்தார் பலர் கேட்கிறார்கள். முன்பணம் கொடுக்குமுன் ‘அ’ பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணின் வகைப்பாட்டைப் பாருங்கள். நகலைக் கொண்டுவந்தால், அஸருக்குப் பின் அலுவலகத்தில் நாங்களும் உடனிருந்து பார்த்துத் தருகிறோம்.