நோய்க்காலத்தில் எழுதும் பழக்கம்

நாகலாபுரம், புதூர், விளாத்திகுளம் பகுதிகளிலிருந்து எங்களிடம் வருவோரை "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், பெரும்பாலோர் "பரவாயில்லை" என்னும் ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்கின்றனர். இரவு முழுவதும் மூச்சுத் திணறி உட்கார்ந்தே கழித்தவரும் அதையே சொல்கிறார். அவருடன் விழித்திருந்த மனைவியும் அதையே சொல்கிறார். எங்களுக்கு வேண்டிய செய்தியோ அவர்கள் சொல்லாமல் விட்ட பகுதியில் இருக்கிறது. வாய்க்கு வராததை எழுதிப் பாருங்கள் என்றால், "நமக்கெங்கே எழுத வரும்?" என்கிறார்கள்.

இந்த மண்ணில் அப்படிச் சொல்வது சற்றுப் பொருந்தாது. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் பள்ளிப்படிப்பு மிகுதியாக இல்லாத விவசாயி. இளமையில் காசநோயால் வருந்தியவர். அவருடைய 'மாயமான்' என்னும் சிறுகதை 1958-இல் 'சரஸ்வதி' இதழில் வெளிவந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டியிருந்தது. அதே ஊரில் பிறந்த நண்பர் கு. அழகிரிசாமி பிழைப்பின் பொருட்டுச் சென்னைக்கும் பின்னர் மலேயாவுக்கும் சென்றவர். நண்பர்கள் கடிதங்களால் பேசிக்கொண்டனர். அழகிரிசாமி எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாகவும் வந்தன. சாகித்திய அகாதெமி விருது, 1970-இல் அழகிரிசாமிக்கு மறைவுக்குப் பின்னும், 1991-இல் கி.ரா.வுக்கும் கிடைத்தது. பதில் எழுத ஒருவர் காத்திருக்கிறார் என்ற எண்ணமே எழுதும் கைக்குப் பெரிய பயிற்சி என்று நாங்கள் கருதுகிறோம். பின்னர், கோவில்பட்டியில் கவிஞர் தேவதச்சனைச் சுற்றி மாலைப் பொழுதுகளில் கூடிப் பேசிய இளைஞர்களிலும் பலர் எழுத்தாளராயினர். பேச்சு முதலில், எழுத்து அதன் பின்.

இதனால் உடலுக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்பது நியாயமே. 1986-இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம், தம் மனத்தை மிகவும் வருத்திய நிகழ்ச்சியை எழுதச் செய்தார். அவ்வாறு எழுதியோர் பின்வந்த மாதங்களில் மருத்துவரை நாடியது குறைந்தது. 1999-இல் ஆஸ்துமா, முடக்குவாத நோயாளிகளிடம் இதே முறை சோதிக்கப்பட்டது. மூன்று நாள், இருபது நிமிடம் வீதம் எழுதிய ஆஸ்துமா நோயாளிகளின் மூச்சுத்திறன், நான்கு மாதங்களுக்குப் பின் இயல்பளவில் ஏறத்தாழ 64 விழுக்காட்டிலிருந்து 76 விழுக்காடாக உயர்ந்திருந்தது. அன்றாட வேலைத் திட்டங்களை மட்டும் எழுதியோரிடம் இத்தகைய முன்னேற்றம் இல்லை. பிற்காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரிப் பயன் சிறிதளவே என்று தெரிந்தது. ஆகவே இதனை மருந்துக்கு மாற்றாக எவரும் கொள்ள வேண்டா. காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை என்றால் ஆறு மாதமும் விழுங்கித்தான் ஆகவேண்டும். ஆனால் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் ஒரு பேனாவும் தவிர இதற்கு வேறு செலவில்லை.

எப்படித் தொடங்குவது? பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள். பிழை திருத்த வேண்டா. யாரேனும் ஒருவரை மனத்தில் இருத்திக்கொண்டு எழுதினால் எளிது. திருப்பூரில் வேலை பார்க்கும் மகனாக இருக்கலாம், இறந்துபோன தாயாராகவும் இருக்கலாம். எழுதத் தெரியாதோர் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதட்டும். இடையிடையே பேத்தி கேட்கும் கேள்விகள் நாங்கள் கேட்பவற்றைவிடக் கூர்மையாக இருப்பதுண்டு. சிகிச்சைப் பிரிவின் தாழ்வாரத்தில் பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒரு பக்கம் படித்துக் காட்டுவதும் நன்றே. ஆனால் அவர் உண்ணும் மாத்திரையைக் கேட்டறிந்து நீங்கள் உங்கள் அளவை மாற்றக் கூடாது. அவர் சொன்னதை ஊரில் போய்ச் சொல்லவும் கூடாது.

துணையிருப்போரையும் இங்கே குறிப்பிட வேண்டும். நோயாளிக்குக் கட்டில் உண்டு. துணையிருப்பவருக்குப் பாயும் சுவரும்தான். எரிச்சல், களைப்பு, கடன் பற்றிய அச்சம், "இன்னும் எத்தனை நாள்" என்ற எண்ணம், அந்த எண்ணம் வந்ததற்கான குற்ற உணர்வு ஆகியவற்றை நோயாளியின் முன் சொல்ல இயலாது. தாளில் சொல்லலாம். எழுதிய பின் கிழித்துப் போட்டாலும் குறையில்லை.

எழுதியதும் சிறிது நேரம் மனம் கனப்பது இயல்பு. ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது தணியும். நாள்கணக்கில் உறக்கம் கெட்டாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுத்தில் வந்தாலோ, நோட்டை மூடிவிட்டு உடனே செவிலியரிடமோ எங்களிடமோ சொல்லுங்கள். வீட்டிலிருந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணைக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம்.

அடுத்த முறை வரும்போது, நோட்டின் கடைசிப் பக்கத்தில் மட்டும், இரவில் எத்தனை முறை விழித்தீர்கள், எந்த மாத்திரை எந்த நாள் தவறியது, எங்களிடம் கேட்க நினைத்தது என்ன என்பவற்றைக் குறித்துக் கொண்டு வாருங்கள். அந்தப் பக்கத்தை மட்டும் நாங்கள் படிப்போம். மற்றவை உங்களுடையவை.