கடல் கடந்து வரும் ஜப்பானியப் பாட்டு

என் பெயர்த்தி காலையில் பூத்தொடுக்கும்போது ஒரு ஜப்பானியப் பாட்டை முணுமுணுப்பது வழக்கம். துள்ளி ஓடும் மெட்டு. 'யோரு நி ககேரு' என்பது அதன் பெயர். யோஅசோபி என்னும் இருவர் குழு 2019-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்டது. "இதன் பொருள் என்ன, அம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். "தெரியாது, தாத்தா, கேட்க நன்றாயிருக்கிறது" என்றாள். நெடுங்காலம் வகுப்பறையில் நின்றவனுக்கு அவ்விடை உவப்பாக இல்லை. இருவரும் தேடினோம். அக்குழு சிறுகதைகளைப் பாட்டாக்கும் வழக்கமுடையது. இப்பாட்டின் மூலக்கதையோ, சாவின்பால் ஈர்க்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றியது. பெயர்த்தி பூவைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தாள்.

மெட்டு கடலைத் தாண்டிவிடுகிறது. பொருள் அக்கரையிலேயே நின்றுவிடுகிறது. இது இன்று நேர்ந்ததன்று. 1961-இல் சகமோட்டோ கியூ என்னும் இளைஞர் 'உஎ ஓ முய்தே அருகோ' என்றொரு பாட்டைப் பாடினார். 'நிமிர்ந்து பார்த்து நடப்போம்' என்பது அத்தலைப்பின் பொருள். கண்ணீரை அடக்கிக்கொண்டு தனிவழி நடப்பவனின் துயரம் அது. அமெரிக்காவோடு ஜப்பான் செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து 1960-இல் எழுந்த கிளர்ச்சி பயனற்றுப் போன சோர்விலே, எய் ரோகுசுகே அதை இயற்றினார் என்பர். இங்கிலாந்தில் ஒரு ஜாஸ் குழு அதனை வாத்தியங்களில் இசைத்தபோது, அந்நெடும் பெயர் நாவில் புரளாதென்று கருதி 'சுகியாகி' எனப் பெயர் மாற்றினார்கள். சுகியாகி என்பது மாட்டிறைச்சியைக் காய்கறிகளோடு வேகவைத்து உண்ணும் ஒரு பண்டம்! பாட்டிலே உணவுமில்லை, அடுப்புமில்லை. ஆயினும் அப்பெயருடனேயே சகமோட்டோவின் இசைத்தட்டு 1963 ஜூனில் அமெரிக்காவின் பாட்டு வரிசையில் மூன்று வாரம் முதலிடம் வகித்தது. எந்த நாட்டோடு செய்த ஒப்பந்தத்தை எண்ணி நொந்து எழுதப்பட்டதோ, அந்த நாடே அதைக் கேட்டு மகிழ்ந்தது.

இன்று வெளிநாட்டு இளைஞர் பலர்க்கு வாயில் அனிமே எனப்படும் சித்திரத் தொடர்களே. அவற்றின் முகப்பில் பாட்டு ஏறத்தாழ ஒன்றரை நிமிடமே ஒலிக்கும். முழுப்பாட்டு தனியே வெளிவரும். அரைகுறையாகக் கேட்டு அதுவே பாட்டென்று எண்ணுவோர் பலர். ஆனால் அந்த ஒன்றரை நிமிடத்திலேயே ஒரு புதையல் உண்டு. திரையில் பெயர்கள் ஓடுகின்றன. 'சகுஷி' என்றால் பாட்டெழுதியவர். 'சக்யொகு' என்றால் மெட்டமைத்தவர். 'ஹென்க்யொகு' என்றால் வாத்திய அமைப்புச் செய்தவர். பாடகர் பெயரோடு இம்மூன்றையும் ஜப்பானிய எழுத்திலேயே படியெடுத்துத் தேடவேண்டும். ஆங்கில எழுத்தில் தேடினால் அகப்படாதவை பல, அவ்வெழுத்தில் அகப்படும்.

இம்முறை அனிமேக்கு மட்டும் உரியதன்று. மத்சுபரா மிகி என்னும் பாடகி 1979-இல் பாடிய 'மயோனகா நோ டோஆ' என்ற பாட்டு, நாற்பதாண்டு கழித்து 2020-இல் இணையத்தின் வழியே உலகெங்கும் பரவியது. அம்மையார் 2004-லேயே மறைந்துவிட்டார். தம் குரல் எங்கெங்கோ ஒலிக்கப் போவதை அவர் அறிந்தாரில்லை. பாடகியின் பெயரை மட்டும் தேடுவோர் அவருடைய சில தொகுப்புகளோடு நின்றுவிடுவர். மெட்டமைத்தவர் பெயரைப் பார்த்தோம்: ஹயாஷி தெத்சுஜி. அவர் அதே 1979-இல் தகெஉச்சி மரியா பாடிய 'செப்டம்பர்' என்னும் பாட்டுக்கும் மெட்டமைத்திருக்கிறார். தகெஉச்சியைத் தொடர்ந்தால், 1984-இல் அவரே எழுதி மெட்டமைத்த 'பிளாஸ்டிக் லவ்' கிட்டுகிறது. அதற்கு வாத்திய அமைப்புச் செய்தவர் அவர் கணவர் யாமாஷிதா தத்சுரோ. அவரோ தனியே ஒரு பெரும் பாடகர். ஒரு பாட்டைப் பிடித்தவர் கையில் இங்ஙனம் மூன்று வீட்டுத் திறவுகோல் வந்து சேர்கிறது.

பொருளுக்கு மட்டும் குறுக்குவழி இல்லை. இயந்திரம் தரும் மொழிபெயர்ப்பு எழுவாயைத் தவறவிடும். ஜப்பானியர் 'நான்', 'நீ' என்பவற்றைச் சொல்லாமலே வாக்கியம் முடிப்பவராதலின், யார் யாரைப் பிரிந்தார் என்பதே மாறிவிடும். இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

என் பெயர்த்தி இப்போது யாமாஷிதாவின் தொகுப்புகளில் ஆழ்ந்திருக்கிறாள். ஒரு முழம் பூக்கட்ட ஒரு மணி நேரமாகிறதென்று அவள் பாட்டி என்னைத்தான் கடிந்துகொள்கிறாள்.