ஆலைப் புகைக்கும் அளவுகோல் உண்டு

பிசானத்தில் ஒருவர் 40 மூட்டை நெல் அறுத்தார், அடுத்தவர் 20 மூட்டை அறுத்தார் என்றால், அதை மட்டும் வைத்து யார் விவசாயம் சிறந்தது என்று கூறிவிட முடியாது. வயல் எத்தனை ஏக்கர் என்று கேட்க வேண்டும். ஆலைகள் வெளிவிடும் கரியமில வாயுவையும் இவ்வாறே அளக்கிறார்கள். இவ்வாயு காற்றில் கூடக் கூட பூமியின் வெப்பம் ஏறுகிறது. ஓர் ஆண்டில் வெளியேறிய வாயுவை அந்த ஆண்டின் உற்பத்தியால் வகுத்தால், ஒரு டன் சரக்குக்கு எத்தனை கிலோ வாயு என்பது கிடைக்கும். இது குறைந்தால் ஆலை சிக்கனமாக நடக்கிறது என்று பொருள்.

நெல்லையை அடுத்த தாழையூத்தில் 1949 முதல் சிமெண்டு ஆலை உள்ளது. சிமெண்டுக்கு மூலப்பொருள் சுண்ணாம்புக்கல். சுத்தமான கல் 100 கிலோவைச் சூளையில் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். எரிக்கும் நிலக்கரியின் புகை இதற்கு மேல். சூளையை எவ்வளவு சீர்திருத்தினாலும் கல்லிலிருந்து வரும் வாயு குறையாது. எனவே சுட்ட கல்லின் பங்கைக் குறைத்து, அனல்மின் நிலையச் சாம்பலை 35 சதவிகிதம் வரை சேர்த்தும் சிமெண்டு தயாரிக்கிறார்கள்.

இதனால் சிமெண்டு ஆலையையும் காகித ஆலையையும் டன்னுக்கு டன் ஒப்பிடுவது சரியல்ல. அது நெல்லையும் பருத்தியையும் மூட்டை எண்ணி ஒப்பிடுவது போலாகும். மத்திய அரசு 2023-ல் கார்பன் வணிகத் திட்டத்தை அறிவித்தது. சிமெண்டு, அலுமினியம், காகிதம் முதலிய தொழில்களின் ஆலைகளுக்கு 2025-ல் டன் கணக்கில் இலக்கு விதிக்கப்பட்டது. இலக்கைவிடக் குறைத்த ஆலை சான்றிதழ் பெற்று விற்கலாம். தவறிய ஆலை வாங்க வேண்டும்.

இக்கணக்கில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, டன்னுக்கு வாயு குறைந்தாலும், உற்பத்தி அதைவிட வேகமாகப் பெருகினால் மொத்த வாயு கூடவே செய்யும்.

இரண்டாவது, கணக்கின் எல்லை எங்கே முடிகிறது என்பது. இது விவசாயிகளை நேராகத் தொடுகிறது. தூத்துக்குடியில் உள்ளது போன்ற யூரியா ஆலைகளில் அம்மோனியாவுடன் கரியமில வாயுவைச் சேர்த்தே யூரியா செய்கிறார்கள். அந்த வாயு ஆலையின் புகைபோக்கி வழியே போகாமல் மூட்டைக்குள் போகிறது. 45 கிலோ மூட்டை ஒன்றில் இவ்வாறு அடங்கியது சுமார் 33 கிலோ. வயலில் இட்டதும் யூரியா பிரிந்து, அவ்வாயு வெளியேறிவிடும். ஆலை வாசலோடு கணக்கை முடித்தால் இது ஆலையின் கணக்கில் வராது.

தேவைக்கு மேல் யூரியா இட்டால் பணமும் விரயம், பூச்சி நோயும் அதிகம். நெற்பயிருக்கு நட்ட 14-ம் நாள் முதல் பூக்கும் வரை, வாரம் ஒரு முறை இலை வண்ண அட்டையை இலையோடு வைத்துப் பார்த்து, நிறம் குறைந்தால் மட்டும் மேலுரம் இடலாம். மிச்சமாகும் ஒவ்வொரு மூட்டைக்கும் 33 கிலோ வாயு குறையும். அதன் விலையும் விவசாயி கையில் தங்கும்.